கண்ணு பாத்துக்கும்

எங்கள் சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடும் சின்னானுக்கு எதிலும் சந்தேகம்தான். கேன்டீன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்து டீயத்தானே சூடு பண்ணுனீங்க?" என்பார். ஸ்டோரில் இருக்கும் நான் புதுக் கையுறை கொடுத்தால், இரண்டும் ஒரே ஜோடிதானா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுப்பை மட்டும் நம்பினார். நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை வழியாக உள்ளே தகதகக்கும் செங்கலின் நிறத்தைப் பார்த்துத்தான் விறகு தள்ளுவார். பல வருஷமாக அதுதான் வேலை.

இந்த வருஷம் உள்ளே புதுவகைச் செங்கல் பதித்தார்கள். அத்தனை சூட்டை அது எப்படித் தாங்குகிறது என்று ஆராய, கோயம்புத்தூர் காலேஜிலிருந்து கவிப்பிரியா வந்தாள். செங்கல் விடும் ஒளியை வைத்தே, தொடாமல் சூட்டை அளக்கும் ஒரு கருவியை அடுப்புச் சுவரில் மாட்டினாள். அன்று மேனேஜர் சண்முகவேல் போனில் பேசியது சின்னான் காதில் விழுந்தது: "சின்னான இனி அந்த ஓட்டைப் பக்கமே விட வேண்டாங்க. கண்ணு பாத்துக்கும்."

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் கண்ணுதான். மேனேஜர் கவிப்பிரியாவையும் அப்படித்தான் கூப்பிடுவார். போதாதா? தன் வேலைக்கு இந்தப் பெண் வந்துவிட்டாள் என்று சின்னான் முடிவு கட்டிவிட்டார். அவள் எது கேட்டாலும் "தெரியலீங்க" என்றார். அவள் நீட்டிய கடலை மிட்டாயைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு நாள் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்க, கருவி காட்டிய சூடு மட்டும் சரசரவென்று இறங்கியது. கவிப்பிரியா ஓடிப்போய்ப் பார்த்தாள். கருவியின் கண்ணாடி முழுக்கக் கரி. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. சின்னானின் கையும் கரியாக இருந்தது.

"ஏனுங்கண்ணா, கண்ண எதுக்கு மூடுனீங்க?"

"எந்தக் கண்ணு?"

"இதானுங்க. இந்த மிஷினத்தான் நாங்க கண்ணுங்கறோம்."

சின்னான் நம்பவில்லை. மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "அனலப் பாத்துப் பாத்து வலது கண்ணுல பொரை உழுந்து கெடக்குதுங்க. அதுக்குத்தான் உங்கள ஓட்டைப் பக்கம் விட வேண்டாம்னேன். உங்க வேல எங்கயும் போகல. கண்ணுதான் போகுது."

"எங்கண்ணு நல்லாத்தான் இருக்குது. இல்லாத நோவச் சொல்லி ஊட்டுக்கு அனுப்பப் பாக்கறீங்க."

கவிப்பிரியா கரியைத் துடைத்தாள். கருவியின் திரையில் எண்கள் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக எரிந்தன. "இடது கண்ண மூடிக்கிட்டு இதப் படிங்கண்ணா."

மூடினார். கழுத்தை நீட்டினார். ஓர் எட்டு முன்னால் வைத்தார். கண்ணை மூடிய கையை எடுக்காமலே எங்கள் பக்கம் திரும்பினார்.

"நம்பர அழிச்சுப்போட்டீங்களா?" என்றார்.