இறந்த தேதி கட்டாயம்

மடிக்கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் யுவனேஸ்வரன் வேலையைத் தொடங்குவான். பின்னால் யாராவது நின்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! பழைய தரவுத்தளத்தை ஒரு கருவிக்குக் காட்டி, ஒரே ஒரு வரி தட்டுவான். நாலே நிமிடம். அட்டவணைக்கு ஒரு பக்கம், தகவலுக்கு ஒரு கட்டம், கீழே 'சேமி', 'அழி' பொத்தான்கள் என்று முழு வலைச்செயலியும் வந்து விழும். மேலே ஒரு சின்னம் ஒட்டுவதும் நீலத்தைப் பச்சையாக்குவதும்தான் ஐயாவின் சொந்த உழைப்பு. அதற்கு மூன்று மாதம் கெடு கேட்பான்.

"கண்ணு முழிச்சு கட்டுன சிஸ்டம்லா இது!" பாசிர் பெனம்பாங் ஊர் மீன் வியாபாரியிடமும் இதே வசனம்தான். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். 'சீஃப் ஆர்க்கிடெக்ட்' என்று அவனே அச்சடித்துக்கொண்டது.

கோலசிலாங்கூர் டயாலிசிஸ் மையத்துக்கும் இப்படித்தான் ஒன்றைக் 'கட்டி'க் கொடுத்தான். அது ஓடத் தொடங்கிய முதல் காலை, சபாக்கிலிருந்து பஸ் பிடித்து வந்த இராஜம்மா வீங்கிய கால்களோடு பதிவு மேசை முன் நின்றார். திரையில் பெயர் ஏறினால்தான் உள்ளே சிகிச்சை நாற்காலி கிடைக்கும். பதிவு மேசைப் புஷ்பா பெயர், அடையாள அட்டையின் ஐசி எண், இரத்த வகை எல்லாம் நிரப்பினாள். கடைசிக் கட்டம் 'இறந்த தேதி'. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் சேமிக்க முடியவில்லை. உயிரோடு வந்து நிற்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது?

கூப்பிட்டதும் யுவனேஸ்வரன் வந்தான். "காலியா விடக்கூடாதுன்னு பழைய டேட்டாபேஸ்லயே ரூல்ஸ் இருக்குக்கா. நான் என்ன செய்ய?"

பழைய மென்பொருள் அந்த இடத்தை எப்படிச் சமாளித்தது என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். படித்துப் பார்க்கிற வழக்கமே இல்லாத ஜென்மம்!

"ஏதாச்சும் ஒரு தேதி போட்டா செட்டல்லா," என்று அவனே குனிந்து அன்றைய தேதியைத் தட்டினான்.

இராஜம்மா எட்டிப் பார்த்தார். "என்னாய்யா, இன்னைக்கேவா?"

புஷ்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அழித்துவிட்டு விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள்.

"எங்கே, தம்பி, உங்க பேர போட்டு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க பாப்போம்."

பெயரை விறுவிறுவென்று தட்டினான். ஐசி எண்ணையும் தட்டினான். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. நாள்காட்டியைத் திறந்தான், ஆண்டை முன்னே தள்ளும் அம்புக்குறியை அழுத்தத் தொடங்கினான். 2050. 2070. 2099. இராஜம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான்.