பிராந்தி வாங்கப் போனவர்

திருக்கை முள் காலில் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். பிராந்தி. பாதியைக் காயத்தில் ஊற்று, மீதியை வாயில் ஊற்று. என் மாமனார் காலத்திலிருந்து அதுதான் மருந்து. அந்த மருந்தை வாங்கி வர, எவரை அனுப்பவே கூடாதோ அவரைத்தான் அன்றைக்கு அனுப்பினார்கள்.

அவர் என் வீட்டுக்காரர். ஏரியில் இறால் தடவிச் சம்பாதித்ததையெல்லாம் ஒயின்ஷாப்பில் கொண்டுபோய்க் கொட்டியவர். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்தமாக வாந்தி எடுத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி குடிக்க ஆரம்பிச்சா இங்க தூக்கினு வராதீங்கம்மா. நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. இருபது வருஷமாக நான் கத்தியதை இந்த டாக்டர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாரே என்று.

பிழைத்து வந்தவர் நேராக ஜெபக்கூடத்துக்குப் போனார். எங்கள் குப்பத்தின் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை அது. நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே போகிறவள். இவர் அதன் வாசலில் நின்று கெட்ட வார்த்தை பேசினவர். இப்போது விடிந்தும் விடியாமலும் எனக்கு முன்னால் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார். படிக்கத் தெரியாது. நீளமான ஜெபமெல்லாம் வராது. "ஆண்டவரே, இன்னிக்கு என்னைப் பாத்துக்கோ. நாளிக்கு வேணும்னா நாளிக்கு வந்து கேக்கறேன்." அவ்வளவுதான். பாஸ்டர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போதே இவர் எழுந்து துண்டை உதறிவிட்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவார்.

மனுஷன் மாறத்தான் செய்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. வியாபாரி இறாலை எடைபோட வரும்போது, "அடியில சேறு இருக்குது, கழுவிட்டுப் போடுப்பா" என்று இவரே வாயைத் திறப்பார். ஊரில் ஒருத்தரும் சொல்லாததை! அடுத்த வீட்டுக் கோழி எங்கள் விறகுக்கட்டில் முட்டையிட்டால், எங்கள் மகள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

"யோவ், நல்லவனா ஆவறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று கத்தினேன்.

"அளவு தெரிஞ்சவனா இருந்தா நான் ஏன்மே இந்தக் கதிக்கு வரப்போறேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனேன்.

ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. சூடு கண்ட பூனை நான். தினமும் அவர் வீட்டுக்குள் நுழையும்போது கிட்டே போய் மூச்சை மோந்து பார்ப்பேன். அவரும் மறுபேச்சுப் பேசாமல் வாயைத் திறந்து ஊதிக் காட்டிவிட்டுச் சோற்றுக்கு உட்காருவார்.

இறால் தடவுகிற வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்துவரை தண்ணீரில் குந்தி நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டு போக வேண்டும். கைக்குச் சிக்கும் இறாலைப் பனையோலைப் பறியில் போட வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அதனால் தண்ணீரில் இருக்கும்வரை யாரும் பேச முடியாது. மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது எலும்பே நடுங்கும். அதற்காகவே ஆம்பளைகள் இறங்குவதற்கு முன் கரையில் நின்று ஆளுக்கொரு கட்டிங் பிராந்தி போட்டுக்கொள்வார்கள். இவர் மட்டும் போடாமல் இறங்குவார். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடிக்க, கயிற்றைக் கடித்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

அந்த மார்கழியில் ஏதோ சரியில்லை என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வானம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. முகத்துவாரம் மணல் தூர்ந்து, ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகாமல் தேங்கி நாறியது. கரையோரம் செத்த மடவை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீர் கலங்கலில் கையே தெரியவில்லை. அதைவிட இவருடைய அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. ஜெபத்துக்குப் போனார், வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் கோபமே படவில்லை. நான் சும்மா வம்புக்கு இழுத்தும் படவில்லை. தெருவில் யாராவது பாட்டிலைத் திறக்கும் சத்தம் கேட்டால், சாப்பிடுகிற கை அப்படியே நின்றுவிடும்.

"இன்னாய்யா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்லமே. கொஞ்சம் கஷ்டமா இருக்குது. ஆண்டவர்கிட்ட சொல்லினுதான் இருக்கேன்."

"சொல்லு, சொல்லு. பாஸ்டர்கிட்டயும் சொல்லு" என்றேன். அவர் தலையாட்டினார். சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று காலையில் நாங்கள் மூன்று பேர் இறங்கினோம். நான், அவர், அவருடைய அக்காவான என் நாத்தனார். கொஞ்ச தூரம்தான் நகர்ந்திருப்போம். குதிகாலுக்கு மேலே யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகின மாதிரி இருந்தது. சேற்றில் படுத்திருந்த திருக்கையை மிதித்துவிட்டேன். வாயிலிருந்த கயிறு போயிற்று, பறி போயிற்று. என் அலறல் எனக்கே கேட்டது. இருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு கரையில் கிடத்தினார்கள். ரத்தம் கருப்பாக வந்தது. வலி முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது.

"டேய், இன்னாடா பாத்துனு நிக்கற? ஓடு! ஒரு குவாட்டர் வாங்கினு வா!" என்று நாத்தனார் அவரை விரட்டினாள்.

அவள் கெட்டவள் இல்லை. தம்பிக்காக உபவாசம் இருந்தவள். ஆனால் திருக்கை என்றால் பிராந்தி என்று பிறந்ததிலிருந்து கேட்ட வாய் அது. யார் போகிறார்கள் என்று அந்த வாய் யோசிக்கவில்லை. நான் வேண்டாம் என்று கத்தப் பார்த்தேன். "ஏ, ஏ" என்றுதான் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்திருந்தது. ஆனாலும் நான் துடிக்கிறேன். கரையில் கழற்றிப் போட்டிருந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஐயோ, அவர் போன பிறகு வலி பெரிதாகத் தெரியவில்லை. என் காது முழுக்க ரோட்டுப் பக்கம் இருந்தது. அந்தக் கடை ஒன்றும் தூரமில்லை. போய்விட்டு எப்போதோ வந்திருக்கலாம். வரவில்லை. காற்று திரும்பி, செத்த மீன் நாற்றம் மொத்தமாக எங்கள் மேல் வந்து விழுந்தது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். தான் யாரை அனுப்பினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி நானு, பாவி நானு."

நான் மனசுக்குள் ஜெபிக்கவில்லை. திட்டிக்கொண்டிருந்தேன். அவரை, அவளை, கடைசியில் ஆண்டவரையே. தினமும் உன்னிடம் வந்து கேட்டானே, இன்றைக்கு மட்டும் உன் காதில் விழவில்லையா என்று.

வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். கையில் பாட்டில் இருந்தது. மூடி திறந்திருந்தது. சரக்கு கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. சட்டையின் முன்பக்கம் நனைந்து, கிட்டே வருவதற்குள் வாடை வந்துவிட்டது.

நாத்தனார் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவசர அவசரமாகப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, "ஓடி வந்ததுல சிந்திருச்சாடா? சட்டையெல்லாம் நனைஞ்சிருக்குது பாரு. சிந்திருச்சுதான, விடு, விடு" என்றாள்.

பொய்யை அவளே கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். நானும் அதற்கு மேல் கேட்டிருக்க முடியாது. சட்டையே சாட்சி சொல்லியிருக்கும்.

"சிந்தல அக்கா" என்றார். "நான்தான் தொறந்தேன். ஒரு வாய் எடுத்துட்டேன். அப்புறம் துப்பினேன், மேலல்லாம் கொட்டிக்கிச்சு. எல்லாத்தையும் துப்பல. கொஞ்சம் உள்ள போயிடுச்சு."

நாத்தனார் என் காலில் பிராந்தியை ஊற்றினாள். எரிந்தது. வாடை எழும்பியதும் அவர் திரும்பி ஏரிக்குள் இடுப்பளவு போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் பாட்டிலைக் காலி செய்து, உடைத்து, மணலில் புதைத்த பிறகுதான் கரைக்கு வந்தார். என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பிராந்தி ஊத்தினா திருக்கை விஷம் போவும்னு எவம்மா உங்களுக்குச் சொன்னது? தாங்கற சூட்டுல வெந்நீர்ல கால வெச்சாலே வலி எறங்கும். வெந்நீருக்கு வழியில்லாத வீடு எங்கனா இருக்குதா?" ஒரு பக்கெட் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். காலை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி இறங்க ஆரம்பித்தது. அந்த ஒரு வாய்க்கு அவசியமே இருந்திருக்கவில்லை. எனக்கு ஓவென்று அழுகை வந்தது.

அவர் பக்கெட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். குளிரா, வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"இன்னொரு வாய்க்கு நாக்கு இப்பவே கேக்குதுமே" என்றார் மெதுவாக. "மறைச்சு வெச்சா போய்க் குடிச்சிடுவேன். அதான் உன்கிட்ட சொல்றேன். இன்னிக்கு என்னைத் தனியா விடாத. பாஸ்டரைக் கூப்பிடு. அக்காவையும் வரச் சொல்லு."

வழக்கமாக இருந்தால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்கு அவர் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், எழுந்து எங்கேயும் போய்விடக் கூடாதென்று. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையையும் நான் முழுசாக நம்பியதில்லை. அன்றைக்கு நம்பினேன். அதுவரை எனக்கு இருந்த பயமெல்லாம், இந்தக் குடிகாரன் செத்துப்போனால் நானும் என் மகளும் என்ன ஆவோம் என்பதுதான். ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனுஷனுக்காக அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன்.