யாங்கோனில் ஒரு பாதிப் பூ

போன பிப்ரவரியில் நான் யாங்கோனுக்குப் போனது பகோடா பார்க்க இல்லை. ஒரு முழத் துணியைப் பார்க்க. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இங்கிலாந்தில் நடத்திய பள்ளிகளில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாணவிகள் தையல் பழகிய துணிகள் என்றால் எனக்குப் பைத்தியம். அப்படி ஒன்று யாங்கோனின் பபேடான் பகுதியில், இணையத்தில் பழக்கமான மீனாட்சி அக்கா வீட்டில் இருப்பதைப் படத்தில் பார்த்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன். வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை.

விமான நிலையத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர். டாக்சிக்கு முப்பதாயிரம் கியாட், ஒரு மணி பத்து நிமிடம். காலை பத்தரைக்கு மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றேன்.

மீனாட்சி அக்காவுக்குத் துணி வியாபாரம். மாமனார் ஏலத்தில் எடுத்த பெட்டியின் அடியில் இது கிடைத்ததாம். நான் நுழைந்தபோது அதை மேசையில் விரித்து, ஓரத்துத் தையலை ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஞாயித்துக்கிழமை மகளுக்குக் கல்யாணம். இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கணும். ஓரத்துப் பூவெல்லாம் பாதி பாதியா நிக்குது பாருங்க. கல்யாணப் பொண்ணுக்கு அரைகுறையாக் கொடுக்கலாமா?"

நடுவில் எண்கோணப் பூப்பதக்கங்கள், ஜோடிப் பறவைகள், தைத்த மாணவியின் தோழிகளுடைய பெயர்களின் முதலெழுத்துகள். இரண்டு ஓரங்களில் மட்டும் பாதிப் பதக்கங்கள். அது பிழையில்லை, அந்தப் பள்ளிகளின் வழக்கமே அதுதான் என்றேன். குரலும் உயர்ந்துவிட்டது; விருந்தாளிக்கு அழகில்லைதான்.

"அவங்களுக்கு வழக்கம். நமக்கு அபசகுனமாச்சே" என்றார் அக்கா. இடது ஓரத்தில் ஒரு பாதி ஏற்கெனவே போய், ஊசித் துளைகள்தான் மிச்சம்.

அப்போது கல்யாணப் பெண் தேவி, மொஹிங்கா வாங்கிக்கொண்டு வந்தாள். இந்த மீன் குழம்பு நூடுல்ஸ்தான் ஊர் முழுக்கக் காலை உணவு. அவளுக்குத் தமிழ் புரியும். சரளமாக வருவது பர்மியம். எங்கள் சண்டையைக் கேட்டவள், துணியைக் குழாய் போலச் சுருட்டி இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தாள். பாதிகள் ஒட்டி, ஒன்றைத் தவிர எல்லாப் பூக்களும் முழுசாகின.

"அமே, இங்க பாரு. சேத்தா முழுசு." அம்மாவை அவள் பர்மிய வழக்கப்படி அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "ஒண்ணை நான் கெடுத்துட்டேனே" என்றபடி ஊசித் துளைகளைத் தடவினார்.

"இருக்கட்டும் அமே. அதை நான் தைக்கிறேன்."

பழந்துணியில் புது நூல் ஏற்றக் கூடாதென்று சொல்ல வாயெடுத்தேன். மென்று விழுங்கிவிட்டு, அவளுக்காகத் துளைகளை எண்ணினேன். கிளம்பும்போது ஒரு தமிழ் எழுத்தைத் தாளில் எழுதித் தரச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது.

போகிறவர்களுக்கு: மடிப்பில்லாத புது டாலர் நோட்டு கொண்டுபோங்கள், கார்டை நம்பாதீர்கள். மின்சாரம் அடிக்கடி போகும். துணி பார்ப்பதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். முக்கியமாக, அடுத்தவர் வீட்டில் போய்க் கத்தாதீர்கள்.

ஞாயிறு மாலை தேவி படம் அனுப்பினாள். சட்டம் போடவில்லை, சுருட்டியே கொடுத்திருக்கிறார்கள். புதிதாகத் தைத்த பாதிப் பூவின் பக்கத்தில், தோழிகளின் எழுத்துகளோடு எழுத்தாக, கொஞ்சம் கோணலாக ஒரு 'மீ'.