பெர்சிஸ் பாஸ் பண்ணிய படகு

"இந்த டேபிளைத் தாண்டிப் போன எதுவும் இன்னிக்கு வரைக்கும் திரும்பி வந்ததில்லை. இனிமேலும் வராது."

மேல்விஷாரத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில், ஓய்வு பெறும் மேனேஜரை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி பெர்சிஸ் கையில் மைக்கைக் கொடுத்தபோது அவர் பேசியது இது. மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அதிகம் கைதட்டல் வாங்கிய பேச்சு அதுதான். மேனேஜரும் தட்டினார்.

பெர்சிஸுக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் இருபத்தாறு வருஷம் வடக்குப் பார்த்த ஒரு ஜன்னலுக்குக் கீழே, தோலின் தரம் பார்க்கும் டேபிள் முன்னால் நின்றபடியே கழிந்திருக்கிறது. சாயமும் மேல்பூச்சும் ஏறி, பளபளவென்று வரும் தோல்கள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் விழும். ஈரத்துணியால் தேய்ப்பார். மடக்கிப் பார்ப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்குகிறதா என்று முறைப்பார். பெரும்பாலான சொட்டுகள் அந்த முறைப்புக்கே பயந்து மேலேயே நின்றுவிடும் என்பது அங்கே நிலவும் கருத்து.

"உன் வீட்டுக்காரரையும் இப்டி மடக்கிப் பாத்துதான் கட்னியா?" என்று எதிர் டேபிள் முனவ்வர் பேகம் ஒருநாள் கேட்டார்.

"பாத்தேன். கிராக் வரல."

டூட்டி முடிந்தாலும் பரிசோதனை முடியாது. சர்ச்சில் புது பெஞ்சுகள் போட்ட முதல் ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே அவர் கைக்குட்டையை நனைத்து முன்வரிசை பெஞ்சின் முதுகைத் தேய்த்தார். கைக்குட்டை காப்பி நிறத்துக்கு வந்தது. அதை அவர் உயர்த்திப் பிடித்தது சபைக்குக் காட்டவா, ஆண்டவருக்குக் காட்டவா என்பதில் கமிட்டிக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த வாரம் பெயின்டர் மறுபடியும் வந்தார் என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

இப்பேர்ப்பட்டவரின் தம்பி ஜீவா, காவேரிப்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிறவர். லாரி டியூப்பின் மேல் பலகையைக் கட்டி உட்கார்ந்து, கரையோரத் தண்ணீரில் கெண்டையைத் துரத்திக்கொண்டிருந்தார். மதகுப் பக்கத்து ஆழத்தண்ணீரில் வலை போட மீனவர் சங்கம் ஆறு பேருக்குத்தான் இடம் கொடுக்கும். அதற்குச் சொந்தப் படகு வேண்டும். ஒன்பது வருஷம் வரிசையில் நின்ற ஜீவாவுக்கு இந்த வருஷம் இடம் கிடைத்தது. கார்த்திகை முதல் திங்கட்கிழமை காலையில் படகோடு மதகுப் பக்கம் வந்து நிற்கவேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்து நிற்கும் ஜெயப்பிரகாஷுக்கு. சங்கத்தில் தவணையெல்லாம் கிடையாது.

பழவேற்காட்டிலிருந்து ஒரு பழைய மரப்படகு குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. பலகைகள் நல்ல நிலையில் இருந்தன. பழைய பூச்சுதான் போயிருந்தது. முந்திரிக்கொட்டை எண்ணெயைக் காய்ச்சி உள்ளேயும் வெளியேயும் தடவிவிடலாம், படகை விற்றவர் அப்படித்தான் சொன்னார் என்று அக்காவிடம் போனில் சொன்னதுதான் ஜீவா செய்த தவறு.

"எண்ணெயா? படகு இன்னா அப்பளமாடா? நீ ஒண்ணும் தடவாத. நான் வர்றேன்."

ஒரு மரப்படகுக்கு என்ன பூசுவது என்ற கேள்வி, இந்த மாவட்டத்தில் அதற்கு முன் இவ்வளவு தீவிரமாக ஆராயப்பட்டதில்லை. பெர்சிஸ் நான்கு மரத்துண்டுகள் எடுத்தார். ஒன்றில் முந்திரிக்கொட்டை எண்ணெய், ஒன்றில் மீன் எண்ணெய், ஒன்றில் தார், ஒன்றில் படகுகளுக்கென்றே விற்கும் வார்னிஷ். மொட்டைமாடியில் வரிசையாகக் காயவைத்து, தோலுக்குச் செய்யும் அத்தனையும் செய்தார். ஈரத்துணியால் ஐம்பது தேய்ப்பு. நகத்தால் கீறல். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் கடிகாரம். மடக்கியும் பார்த்தார், மீன் எண்ணெய்த் துண்டு உடைந்தது. அது எண்ணெயின் குற்றமல்ல, மரத்தின் சுபாவம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். அவர் கருத்து பதிவு செய்யப்படவில்லை.

வார்னிஷ் ஜெயித்தது. சொட்டு அதன் மேல் முத்து மாதிரி உட்கார்ந்து, காய்ந்தே போனது, இறங்கவில்லை.

ஹார்டுவேர் கடை வாஹித் பாஷா படகின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டு நாலு லிட்டர் டின்னை எடுத்து வைத்தார்.

"ரெண்டு லிட்டர் போதும், பாய்."

"உள்ளாற வெளியே ரெண்டும் அடிக்கணுமில்லம்மா? ரெண்டு லிட்டர் கம்மி."

"உள்பக்கம் எதுக்கு பாய்? தோலுக்கு சதைப் பக்கத்துல யாராச்சும் மேல்பூச்சு அடிப்பாங்களா? வெளியே தெரியற முகத்துக்குத்தான் அடிக்கணும். உள்பக்கம் மூச்சு விடணும்."

வாஹித் பாஷாவின் தாத்தாவும் அப்பாவும் தோல் மண்டியில் இருந்தவர்கள். அந்த வாதம் அவருக்குச் சட்டென்று நியாயமாகப் பட்டது. பெரிய டின்னை உள்ளே வைத்துவிட்டு, "அது கரெக்ட்தான்" என்றார். கடற்கரைப் பக்கத்துக் கடைக்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார். மேல்விஷாரத்தில் சிரிக்க ஆளில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கோட்டுகள் ஏறின. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் உப்புத்தாள் தேய்ப்பு. நிழல் விழுகிறது என்று சொல்லி, ஏரிக்கரையில் வேடிக்கை பார்த்தவர்களை பெர்சிஸ் நகர்த்தினார். முடிந்தபோது, கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஏற்றுமதி ஷூ மாதிரி மின்னியது. உள்பக்கம் மட்டும் வெறும் மரமாக இருந்தது.

"உள்ள எதுவுமே வேணாமாக்கா?"

"நான் உன் வலையைப் பத்திப் பேசறனா?"

பலகைகள் ஊறி, இடுக்குகள் இறுகட்டும் என்று பத்து நாள் முன்னதாகவே படகைத் தண்ணீரில் விட்டார்கள். சங்கச் செயலாளர் வந்து பார்த்தார், பார்த்தது வெளிப்பக்கத்தை. "இன்னாப்பா, முகம் தெரியுது!" என்று தலையை வாரிக்கொண்டார். அதுவே ஒப்புதல். பெர்சிஸ் அந்தப் படத்தைத் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எழுபது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

பிறகு ஒரு வாரம் மழை.

திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஆராதனை முடிந்ததும் பெர்சிஸ் பஸ் ஏறிக் காவேரிப்பாக்கம் வந்தார். ஏரி நிறைந்திருந்தது. படகுக்குள் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர். ஜீவா அதை வாளியால் இறைத்துவிட்டு, மறுநாளைக்கு வலையை மடித்துக்கொண்டிருந்தார். யாரும் எதையும் கவனிக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் படகு இன்னமும் மின்னியது.

பெர்சிஸ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, பழக்கம் விடாமல் பக்கவாட்டில் விரலால் அழுத்தினார். வார்னிஷுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும். தண்ணீர் மட்டத்தை ஒட்டி வரிசையாகக் கொப்புளங்கள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் அகலம். நகத்தால் ஒன்றைக் கீறி இழுத்தார். பூச்சு காய்ச்சின பால் ஏடு மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து வந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. ஏரித் தண்ணீர் அல்ல. வெறும் மரம் வழியாக உள்பக்கம் குடித்த மழைத்தண்ணீர், வெளியே போக வழி தெரியாமல் பூச்சைத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் பூச்சோடு சேர்ந்து இடுக்கில் அடைத்த பஞ்சுத்திரியும் எட்டிப் பார்த்தது.

நாளைக்கே மூழ்கிவிடாது. அது பெர்சிஸுக்குத் தெரிந்தது. ஒரு வாரம் தாங்கும், ஒரு மாதம்கூடத் தாங்கலாம். அதன்பிறகு ஒருநாள், மதகுப் பக்கம், இரண்டு ஆள் ஆழத்தில், ஜீவா வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது திரி முழுசாக வெளியே வரும்.

"என்னாக்கா பாக்கற? அழுக்கா?"

பெர்சிஸ் படகைச் சுற்றி முழுதாக ஒரு தடவை நடந்தார். மறுபக்கமும் அழுத்திப் பார்த்தார். பிறகு உரித்த துண்டைத் தம்பி கையில் கொடுத்தார். ஜீவா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடிக் காகிதம் மாதிரி இருந்தது.

"கரைக்கு ஏத்து."

"நாளைக்குத் திங்கட்கிழமைக்கா."

"தெரியும்."

"எடம் போய்டும். ஒம்பது வருஷம்க்கா! ஒரு நாள் போயிட்டு வந்து அப்புறமா ஏத்தலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சிருச்சே."

ஜீவா வலையைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். திட்ட வாயைத் திறந்தவர், கயிற்றை எடுத்தார். அந்தப் பக்கம் வந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள். படகு கரையேறிக் கவிழ்ந்தது. மின்னும் முதுகைப் பார்த்து அதில் ஒருவர், "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

பெர்சிஸ் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, செயலாளர் நம்பரை ஜீவாவிடம் கேட்டு வாங்கி, தானே போட்டார்.

"அண்ணே, ஜீவாவோட அக்கா பேசறேன். நாளைக்கு அவன் படகு வராது. ஜெயப்பிரகாஷைப் போகச் சொல்லுங்க... இல்லண்ணே, உள்பக்கம் பூசாம விட்டது. தண்ணி ஏறிடுச்சு... யாரா? நான்தான். நல்லாருக்குன்னு தண்ணில விடச் சொன்னதும் நான்தான்."

அந்தப் பக்கம் செயலாளர் ஏதோ ஆறுதல் சொன்னார். பெர்சிஸ் "ம்" போட்டுக் கேட்டுவிட்டு போனை வைத்தார். ஜீவாவிடம் சுரண்டுகிற தகடு இரண்டு கேட்டார். ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு, படகின் மூக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.