கேசட்டைக் கேட்டு வண்டியைச் சரிசெய்தது

எனக்கு எழுபத்தோரு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அவர்களின் வயசு இடைவெளியைப் பார்த்தாலே என் வீட்டுக்காரர் எந்தெந்த வருஷம் லீவில் வந்தார் என்று தெரிந்துவிடும். ஊரார் முன்னால் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில் அவர் சவுதிக்குப் போனார், லாரி மெக்கானிக் வேலைக்கு. ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமியார், கொழுந்தனார், அப்போதிருந்த இரண்டு பிள்ளைகள், நான். அவருடைய மோட்டார் சைக்கிள் வீட்டுப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நின்றது. கிளம்புகிற அன்றைக்கு அழுகிற அம்மாவைச் சமாதானம் பண்ணிவிட்டு என்னிடம் வந்தார். “வாரத்துக்கு ஒரு தபா உதைச்சு ஓட வுடு. நான் வரச்சொல்ல வண்டி ரெடியா கீணும்” என்றார். என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அதையே வேதவாக்காக வைத்துக்கொண்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் கிக்கரை உதைப்பதைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் நிற்பார்கள். நிற்கட்டும்.

ஒரு மழைக்காலத்தில் வண்டிக்குச் சீக்கு வந்தது. உதைத்ததும் கிளம்பும். சூடேறியதும் தொண்டையில் சோறு அடைத்தவன் மாதிரி விக்கி விக்கிக் கரும்புகை கக்கி அணைந்துவிடும். கொடியில் காயும் துணியெல்லாம் பெட்ரோல் நாற்றம். பிளக்கைக் கழற்றினால் கண்மை மாதிரி கரி.

“அண்ணி, இது தேறாது. படப்பைல ஒரு ஆளு கேட்டுகினே கீறான். குடுத்துடலாம்” என்றார் கொழுந்தனார்.

“உங்க அண்ணன் வண்டிய உங்க அண்ணன் வந்து குடுக்கட்டும்.”

“அவன் வரதுக்குள்ள இது பழைய இரும்புக் கடைக்குத்தான் போவும்.”

மாமியார் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னார். “பொங்கல் வரைக்கும் பாரு. அதுக்குள்ள சரியா ஓடலன்னா சின்னவன் சொல்றதுதான்.”

அவர் திரும்பி வரும்போது கொட்டகை காலியாக இருக்கக் கூடாது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டரில் வேறு ஆள் கை பட விடாத மனுஷன் அவர்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட். டேப் ரெக்கார்டரில் பேசி, சவுதிக்குத் திரும்புகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவோம். அந்த முறை எல்லோரும் பேசி முடித்த பிறகு, டேப்பைக் கொட்டகைக்குத் தூக்கிப் போய் வண்டியை உதைத்து, சைலென்சர் பக்கத்தில் வைத்து அந்த விக்கலையும் பதிந்து அனுப்பினேன். கொழுந்தனார் சிரித்தார். “அண்ணி வண்டிய டாக்டராண்ட இருமிக் காட்ட வெக்கிறாங்க.”

மார்கழியில் பதில் வந்தது. வழக்கம்போல எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அம்மாவின் கால்வலியை விசாரித்தார், தம்பி வேலையை விசாரித்தார், பிள்ளைகளைப் படிக்கச் சொன்னார். எனக்கு, “எல்லாரையும் பாத்துக்கோ.” சவுதியில் பத்துப் பேர் படுக்கிற அறையில் உட்கார்ந்து, பெற்ற தாய் கேட்கப்போகிற கேசட்டில் மனுஷன் வேறு என்னத்தைச் சொல்வார்?

“இப்ப வண்டி விஷயம்” என்றதும் மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இனிமே இரும்புப் பேச்சு. நான் போய் உலைய வைக்கிறேன்.” கொழுந்தனார் டீ குடிக்கப் போனார். பிள்ளைகள் தெருவுக்கு ஓடின. நானும் அவர் குரலும் மட்டும் இருந்தோம்.

“உன் கேசட்டக் கேட்டேன். பெட்ரோல் ஜாஸ்தி, காத்து பத்தல. அதான் மூச்சு முட்டுது. இன்ஜின் நல்லா சூடாவட்டும். கார்ப்பரேட்டர் பக்கத்துல சின்னதா பித்தள ஸ்க்ரூ ஒண்ணு கீது, அத்த வெளிப்பக்கமா கால் சுத்து திருப்பு. மெல்ல. திருப்பிட்டுக் கேளு. சத்தம் எழும்பணும். எழும்பலன்னா இன்னும் கொஞ்சம். அவசரப்படாத. உனுக்குக் காது நல்லா கேக்கும், எனுக்குத் தெரியும். மெல்ல.”

அம்மாவிடம் பேசியதைவிட அதிக நேரம் பேசினார். சொன்னதையே திரும்பச் சொன்னார். மற்றவர்கள் எழுந்து போயிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் டேப்பை வண்டி பக்கத்தில் முக்காலியில் வைத்துக்கொண்டேன். அவர் பேச்சை நடுவில் நிறுத்துகிற அதிகாரம் கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. நிறுத்துவேன், ஸ்க்ரூவைத் திருப்புவேன், கேட்பேன், மறுபடி அவரைப் பேச விடுவேன். தேவைக்கு மேலேயும் சில தடவை பேச விட்டேன். “உனுக்குக் காது நல்லா கேக்கும்” என்ற இடம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஆனால் வண்டி கேட்கவில்லை. எவ்வளவு திருப்பினாலும் அதே விக்கல். கேசட்டின் கடைசியில், “ஸ்க்ரூக்கு மசியலன்னா காத்து வர வழியப் பாரு” என்றிருந்தார். ஏர் பில்டர் டப்பாவுக்கு மூக்கு மாதிரி ஒரு குழாய் உண்டு. அதன் வாயை அடைத்துக்கொண்டு, செம்மண் உருண்டையாக, ஒரு குளவிக்கூடு.

நான் ஸ்க்ரூடிரைவரை ஓங்கியதும் மாமியார் ஓடிவந்தார். “தொடாதடி. குளவி கூடு கட்டுனா வூட்ல புள்ள உண்டாவும். கலைச்சா பாவம்.”

மதில் மேல் பக்கத்து வீட்டம்மா தலையை நீட்டினார். “உங்க புள்ள சவுதில கீறாரு. குளவி இங்க யாருக்குக் கட்டுதுக்கா?”

“வாய மூடு. அவனுக்கு எப்ப லீவுன்னு குளவிக்குத் தெரியாதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த மண்ணை உடைக்க எனக்குக் கை வரவில்லை. லீவு என்கிற சொல் அதன்மேல் விழுந்துவிட்டதே. பொங்கலுக்கோ நாள் நெருங்கிவிட்டது.

வண்டி முன்னால் உட்கார்ந்து அந்த டப்பாவைச் சுற்றிப் பார்த்தேன். மூக்கு அடைத்தால் மனுஷன் வாயால் மூச்சு விடுவதில்லையா? டப்பாவின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி எடுத்தேன். உள்ளே பில்டர் அதன் இடத்திலேயே இருந்தது, காற்று பக்கவாட்டில் தாராளமாகப் போனது. குளவிக்கூடு கலையாமல் அப்படியே இருந்தது. உதைத்தேன். இப்போது எதிர்ச்சீக்கு. நான்தான் ஸ்க்ரூவைக் கண்டபடி வெளியே திருப்பி வைத்திருந்தேனே, பெட்ரோல் போதாமல் பசியில் தவித்தது. உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் சத்தம் தானாக எழும்பி, ஒரே சீராக நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

கொழுந்தனார் வேலை முடிந்து வந்தவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். கைக்குட்டையைச் சைலென்சர் வாயில் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரி இல்லை.

“படப்பைக்காரன் கைல சொல்லிடறேன் அண்ணி.”

“இன்னான்னு?”

“ஓனரு வூட்லதான் கீறாங்கன்னு.”

தை பிறந்த பிறகு குளவிக் குஞ்சு ஓட்டை போட்டுக்கொண்டு பறந்துபோனது. அந்த வருஷம் பிள்ளை உண்டானது பக்கத்து வீட்டு மருமகளுக்கு. குளவிக்கு அட்ரஸ் மாறிவிட்டது என்று மாமியார் ரொம்ப நாள் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் குறைதான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கேசட் இன்று இல்லை. அதன் மேலேயே நாங்கள் பேசி அனுப்பினோம், அதன் மேலேயே அவர் பேசி அனுப்பினார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். சமையல் செய்யும்போது சில நாள் அந்த “மெல்ல” மட்டும் காதில் விழும். அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகின்றன.

வண்டி சரியான பிறகு அவர் லீவில் வந்தது அடுத்த வருஷம். மீனம்பாக்கத்திலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். பெட்டியைக் கூட உள்ளே வைக்கவில்லை. கொட்டகைக்குப் போய், ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கார்ப்பரேட்டர் பக்கத்தில் குந்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் வாசற்படியில் நின்றேன். ரொம்ப நேரம் கேட்டார். அப்புறம் ஸ்க்ரூவைத் தொடாமல் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, குந்தியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, தம்பி, பிள்ளைகள், தெரு ஜனம் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும்டி கண்ணு. எங்கே, முதலிலிருந்து வாசி, கேட்கிறேன்.