சுகந்தியின் கடைசிக் கிண்ணம்

மேரிசுகந்திக்கு அருவருப்பு வருவதற்கு நண்டு ஒன்றே போதும். அல்லைப்பிட்டியில் பஸ் ஏறிப் போய், நண்டுக் கொம்பனியில் காலை முதல் பின்னேரம் வரை அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கவேண்டும். ஒரு கூடை முடிந்ததென்று நிமிர்ந்தால் அடுத்த கூடை வந்து நிற்கும். வீட்டுக்கு வந்து தேசிக்காய் போட்டு உரஞ்சினாலும் விரலை விட்டு அந்த நாற்றம் போகாது. சீ, என்ன பிழைப்பு! அந்த விரலால்தான் அவள் கேம் விளையாடினாள்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். முப்பத்தைந்து வயதுப் பெண், புருஷன் அன்ரனிதாஸ் கடலுக்கு வெளிக்கிட்டதும் ரிவிக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்து கேம் விளையாடுகிறாள் என்று அயலிலும் சிரித்தார்கள்தான். பிரான்சில் இருக்கிற தம்பி ஜெனிஸ்ரன் லீவில் வந்தபோது விட்டுப்போன கேம் பெட்டி அது. தூசி தட்டப் போனவள் அதிலேயே விழுந்துவிட்டாள்.

கேமில் ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே ஒவ்வொரு வேலையை முடித்தாலும் ‘ணிங்’ என்று ஒரு சத்தத்தோடு சின்னப் பரிசுக் கிண்ணம் ஒன்று திரையில் வந்து விழும். எல்லாச் சின்னக் கிண்ணங்களும் விழுந்தால் கடைசியாகப் பெரிய கிண்ணம். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை, முடிந்தது. அந்த ‘முடிந்தது’தான் சுகந்தியைப் பிடித்து வைத்திருந்தது. அவளுடைய சீவியத்தில் முடிந்தது என்று சொல்ல என்ன இருக்கிறது? இரண்டாயிரத்து ஆறில், சாதாரணதரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, சண்டைக்குப் பயந்து ஊரோடு சேர்ந்து ஓடினாள். சோதனை எழுதவில்லை. தையல் பழகப் போனாள். பாதியில் வகுப்பையே மூடினார்கள். வீட்டுச் சுவர் இன்னும் பூசாமல் கிடக்கிறது. கொம்பனியிலோ கூடைக்குப் பின்னால் கூடை. ஒன்றை, ஒரேயொரு விஷயத்தை, தன் கையால் முழுசாக முடித்துப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு வெறி பிடித்திருந்தது.

வெறிக்கு ஏற்ற வேலைகளைத்தான் அந்தக் கேமும் கொடுத்தது. கரையில் கிடக்கிற சிப்பி எல்லாம் பொறுக்கு. கோழி எல்லாவற்றையும் தடவிக்கொடு. ஒரே பாறையில் ஏறி விழுந்து, திரும்ப ஏறு. இதை யோசித்து எழுதினவன் எப்படிப்பட்ட மனிசனோ! பகல் முழுக்க நண்டுக் காலுக்குள் கத்தியை விட்டுத் தோண்டினவள், வீட்டுக்கு வந்து இல்லாத கோழியைத் தடவினாள். பெருவிரல் வீங்கியது. சில நாள் தன்னையே பார்க்க அவளுக்கு ஓங்காளம் வந்தது. ஆனால் ‘ணிங்’ என்று விழும்போது நெஞ்சு குளிர்ந்துவிடும். அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடுவாள்.

இப்படி மாரி போய், கோடையும் போய், மீன் கிண்ணம் ஒன்றுதான் மிச்சம். எல்லா இன மீனிலும் ஒவ்வொன்று பிடித்துப் பெட்டியில் சேர்க்கவேண்டும். கடைசி மீனுக்காகக் கேமே அவளுக்குப் புதுப் படகு ஒன்றைக் கொடுத்தது. கடலுக்குப் போனாள். தூண்டில் போட்டவுடனேயே வெள்ளியாக மின்னிக்கொண்டு பெரிய மீன் ஒன்று மாட்டியது.

அல்லைப்பிட்டியில் மீன்பிடிக்கிற சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுப் படகில் முதல் படுகிற மீன் வீட்டுக்கு வராது, சந்தைக்கும் போகாது. நேரே கோயிலுக்குப் போகும். சுகந்தியின் தகப்பன் அப்படித்தான் செய்தவர், அன்ரனிதாசும் அப்படித்தான். கேமின் இறங்குதுறையில், விரும்பினதை வைத்துக் கும்பிட ஒரு சின்னக் கல் மாடம் இருந்தது. சுகந்தி அங்கே வந்து இறங்கினாள். மீனின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. படைக்கவா என்று கேட்டது, பொத்தானை அழுத்தினாள். மீன் மறைந்தது.

அவளுக்கு மிச்சமிருந்த கடைசி மீன் அதுதான், கேம் முழுக்க ஒருமுறைதான் வரும். கைபேசியில் தேடிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. திரும்ப எடுக்கேலாது, முதலில் இருந்து தொடங்கவேண்டும். சுகந்தி கொன்ரோலரைச் சுவரோடு அடித்தாள்.

கடலால் வந்த அன்ரனிதாஸ் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.

“நீர் பிழை ஒண்டும் விடேல்லை. முதல் மீன் எங்க போகவேணுமோ அங்கதான் போயிருக்கு.”

அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அவள் குசினிக்குள் போய்ச் சட்டிகளைப் போட்டு உருட்டினாள். பிறகு, அந்த மீனை மீட்க ஏதும் வழி இருக்குதோ பார் என்று தம்பிக்கு அழுதழுது சொன்னாள். அவன் அவளுடைய கேம் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டான். கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து வேலையால் வந்தபோது மேசையில் கேக் இருந்தது. அன்ரனிதாஸ் பல்லெல்லாம் தெரிய நின்றார். ரிவியில் எல்லாக் கிண்ணமும் வரிசையாக மின்ன, நடுவில் அந்தப் பெரிய கிண்ணம். கீழே அவள் பெயர்.

“முடிச்சுப்போட்டீர்!” என்றார் அவர்.

சுகந்தி கைகூடக் கழுவாமல் தம்பிக்கு அழைத்தாள். யாரோ முன்பே முடித்துவைத்திருந்த ஆட்டத்தை எடுத்து அவளுடைய கணக்கில் போட்டதாக அவன் பெருமையாகச் சொன்னான். ஐந்து நிமிச வேலையாம். அக்கா இவ்வளவு நாளும் சும்மா கஷ்டப்பட்டிருக்கிறாவாம்.

“நீ போட்டதைத் திருப்பி எடுக்க ஏலுமோ?”

“என்னத்துக்கு அக்கா?”

“நான் முதல்ல இருந்து விளையாடப்போறன்.”

“விளையாடலாம். ஆனால் கிண்ணம் இனி விழாது. ஒரு பேருக்கு ஒருக்காத்தான். பயப்பிடாதேங்கோ, பெட்டி உடைஞ்சாலும் உங்கட பேரில இருக்கிறது ஒருக்காலும் அழியாது.”

அவள் ஓம் என்று மட்டும் சொல்லிக் கைபேசியை வைத்தாள். அன்ரனிதாஸ் ஒரு துண்டு கேக்கை வெட்டி அவள் வாய்க்குக் கிட்ட நீட்டினார். அந்த முகத்தைப் பார்த்தவளுக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாயைத் திறந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினாள்.