இறகுக்காரி வீட்டுத் தச்சர்

தெருவில் எல்லோருக்கும் அவள் 'இறகுக்காரி'. விடிந்தும் விடியாததுமாக ஏரிக்கரையில் குனிந்த தலை நிமிராமல் போவாள். நாரை, காக்கை, மீன்கொத்தி, எது உதிர்த்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்த இறகுகளில் தோடும் சுவரில் மாட்டும் வளையமும் செய்து கடைகளுக்குக் கொடுப்பாள். சுத்தம் என்று வந்துவிட்டால் ராட்சசி. பொறுக்கியதைப் பையில் கட்டிப் பத்து நாள் ஃப்ரீசரில் போடுவாள், பேன் சாகட்டும் என்று. பிறகு உதறி, சோப்புத் தண்ணீரில் அலசி, தலைமுடி காயவைக்கும் மெஷினால் ஊதிக் காயவைப்பாள்.

அவள் கணவர் தச்சர். "பட்டாணி எடுக்கப் போனா காக்கா இறகு வருது. இது ஃப்ரிட்ஜா, காக்கா கூடா?" என்பார்.

"எடுத்தமா, மூடினமான்னு நகருங்க" என்பாள் அவள்.

அந்த மனுஷனுக்குத்தான் வறட்டு இருமல் பிடித்தது. மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். "வீட்டுல புறா, கிளி ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்லைங்க டாக்டர்" என்று அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். பொய்யா சொன்னாள்? வீட்டில் ஒரு குருவி கூடக் கிடையாதே!

பழி மரத்தூள் மேல் விழுந்தது. தச்சு வேலையை விடச் சொன்னார் டாக்டர். இழைப்புளியும் உளியும் அவரோடு வேலை செய்தவர் வீட்டுக்குப் போயின. "தூசி தின்னது போதும், இனி வீட்டுல நிம்மதியா உக்காருங்க" என்றாள். புருஷனைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தாள், பாவி மகள்.

சும்மா இருந்து பழக்கமில்லாத கை. ஒரே வாரத்தில் ஆள் வாடிப்போனார். பார்க்கப் பொறுக்காமல் இறகுக் குவியலைக் கொண்டுபோய் அவர் மடியிலேயே கொட்டினாள். கழுவிய இறகு பிரிபிரியாக நிற்கும். விரலால் நீவி நீவி ஒட்டவைக்க வேண்டும். தச்சர் விரலுக்கு அது அல்வா மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து அவள் மெஷினால் ஊத, அறையெல்லாம் இறகுப் பஞ்சு பறக்கும். அவர் புருவத்தில் ஒட்டும். "கிழவராயிட்டீங்க!" என்று சிரிப்பாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. இரண்டு வருஷம் அப்படி ஓடியது.

மூச்சு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. "பாழாப்போன மரத்தூள், வேலையை விட்டாலும் விடமாட்டேங்குதே!" என்று அவள் சபிக்காத நாளில்லை. கடைசியில் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினும் வந்தன.

பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த பெண் டாக்டர் அவர் சட்டைக் காலரிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தார். வெள்ளைப் பஞ்சு. "என்னம்மா இது?"

"எங்க வீட்டு வேலைங்க. நல்லா கழுவின இறகுதான்" என்றாள் பெருமையாக.

ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கழுவினால் அழுக்குப் போகும். ஆனால் உதறும்போதும் ஊதும்போதும் பறக்கும் தூசி சில உடம்புக்கு விஷம். இருமல் வந்த அன்றைக்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். இப்போது நுரையீரல் இறுகிவிட்டது. இன்னும் சில மாதம்தான். அவளையும் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். மறைக்க வாய் வரவில்லை. "மரத்தூள் இல்லீங்க. இறகுதான். நான்தான் உங்க மடியில கொட்டினேன்" என்றாள். திட்டமாட்டாரா, கைக்கு எட்டியதை எடுத்து எறியமாட்டாரா என்று காத்திருந்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். பேசுவதற்கு இரண்டு தடவை மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது.

"எந்நேரமும்... நீதானே அதுல கெடந்த... உன் மூச்சு... நல்லாருக்கா?"

"நல்லாருக்குங்க" என்றாள்.